கழுத்தில்லாத மாதிரி

"அப்ப எனக்கு நோவு இல்லன்னு சொல்லுதா தம்பி, ஒங்க கம்ப்யூட்டர்?"

தேயிலைக் கொழுந்து பறிக்கும் அந்த அக்கா சண்டைக்கு வரவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயம் ஒன்றின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டின், வாசலில் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்துக் கூடை இடுப்பை எவ்வளவு அமுக்குகிறது என்று கணக்குப் போட்டு, முந்திரிக்கொட்டை மாதிரி "வரம்புக்குள்ளதான் இருக்குக்கா" என்று முதலில் சொன்னவன் நான்.

சொன்னது பொய்யில்லை. இடுப்பின் கடைசி டிஸ்க்கில் விழும் அமுக்கம் 3400 நியூட்டனுக்குக் கீழேதான் வந்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981-இல் வைத்த வரம்பு அது. கூடை முதுகோடு ஒட்டித் தொங்குகிறது. ஆள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் பாரம் இடுப்புக்கு நேர் மேலே வந்துவிடும். டிஸ்க்கிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் முதுகுத் தசை அதிகம் இழுக்கத் தேவையில்லை. இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அந்த வரம்பு எப்போதாவது பாரம் தூக்குகிறவருக்கு, நாள் முழுக்கச் சுமக்கிறவருக்கு அல்ல என்பதை மட்டும் சொல்லவில்லை.

அக்கா பிடரியைத் தடவிக்கொண்டு, "நோவு இங்கதான தம்பி" என்றார்.

கூடைக்கயிறு படும் உச்சியில், ஒரு விரல் அகலத்துக்கு, வகிட்டுக்குக் குறுக்கே முடி தேய்ந்திருந்தது. காலையில் உடலசைவைப் பதிவுசெய்யும் மார்க்கர் ஒட்டும்போதே பார்த்த இடம்தான்.

உடலசைவைக் கணக்கிடும் ஓப்பன்சிம் என்ற மென்பொருளில் நான் எடுத்த உடல் மாதிரியில் கழுத்தே கிடையாது. தலையும் மேலுடம்பும் ஒரே கட்டை. 1.8 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஓர் ஆளை அக்காவின் அளவுக்குச் சுருக்கியிருந்தேன். கயிறு உச்சியில் தொங்கினாலும் தோளில் தொங்கினாலும் அதற்கு ஒரே கணக்குதான். சரி, கேள்வியைச் சுருக்கினால்தானே விடை வரும், எல்லாரும் இடுப்பிலிருந்துதானே ஆரம்பிக்கிறார்கள் என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அந்தத் தேய்ந்த இடத்தைப் பார்த்த பிறகும் சுருக்கியவன் நான்.

"தொரைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வரம்புக்குள்ளன்னா இன்னும் ரெண்டு கிலோ கூட்டிருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். தோட்ட நிர்வாகம் அனுமதி தந்ததே முடிவை ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையில். எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் 'கழுத்து கணக்கில் சேர்க்கப்படவில்லை' என்று போட்டேன். நேர்மையாகத்தான் நடந்தேன் என்று அப்போது ஒரு திருப்தி. கடைசி வரியை எந்தத் தொரை படிப்பார்?

அப்புறம் பறிக்கிற அளவைக் கூட்டினார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது கழுத்தெலும்பு ஏழையும் தனித்தனியாக வைத்து மாதிரியைத் திரும்பக் கட்டுகிறேன். அதற்குக் கயிற்றின் இழுவையை நேரில் அளக்க வேண்டும். வேறொரு தோட்டத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். ஏன் பழைய இடத்துக்கே போகவில்லை என்று என் ஆய்வை வழிநடத்தும் சேர் கேட்டார். இது பஸ்ஸுக்கு வசதி என்றேன்.