ஸ்டிரிப்பில் தெரியாத புரதம்

பென்னாகரம் பக்கத்தில் யாராவது முதுகு வலிக்கிறது என்றால், தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்த என் அம்மாவுக்கு, 63 வயதில் இடுப்பும் விலாவும் வலிக்கத் தொடங்கியபோது, நாங்களும் அதைத்தான் நம்பினோம். எட்டு மாதங்கள் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையும், வலி தாங்காத நாட்களில் அதே மருந்தின் ஊசியுமாகக் கழிந்தன.

வாந்தியும் களைப்பும் அதிகமான பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் 3.8 என்றும், ஹீமோகுளோபின் குறைந்து 8.1 என்றும் வந்தது. வலி மாத்திரையால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அது பாதி உண்மை. சிறுநீரில் ஸ்டிரிப்பை (நிறம் மாறிப் புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டை) நனைத்துப் பார்த்ததில் புரதம் மிகக் குறைவாகவே தெரிந்ததால், வேறு காரணத்தை அப்போது யாரும் தேடவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்த சிறுநீரக மருத்துவர், அதே பழைய அறிக்கையில் இரத்தத்தின் மொத்தப் புரதம் 10.4 கிராம், அதில் அல்புமின் என்ற புரதம் 3.1 என்றிருந்த இரண்டு வரிகளையும் வட்டமிட்டு, "மீதி ஏழு கிராம் என்ன புரதம்?" என்று கேட்டார். கால்சியமும் கூடுதலாக, 11.6 இருந்தது. அன்றே 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொன்னார்.

இதைச் சரியாகச் செய்வது தோன்றுவதைவிடக் கடினம். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மறுநாள் காலை அதே நேரத்தில் கழிப்பது வரை ஒரு துளி விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். இரவில் அம்மா ஒருமுறை மறந்துவிட்டதால் நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முடிவில் 4.2 கிராம் புரதம் வந்தது. ஸ்டிரிப் முக்கியமாக அல்புமினைத்தான் காட்டும் என்பதையும், அம்மாவின் சிறுநீரில் போனது நோயை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியின் துண்டான 'லைட் செயின்' என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரி வழியாக வேலூர் சென்றோம். ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா என்று உறுதியானது. மஜ்ஜையில் பெருகிய பிளாஸ்மா செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் லைட் செயின்கள், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் வேறொரு புரதத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்கின்றன. உடலில் நீர் குறைவதும், கால்சியம் ஏறுவதும், வலி மாத்திரையும் அந்த அடைப்பை விரைவுபடுத்துகின்றன. எலும்பு வலிக்கும் காரணம் இந்த நோய்தான். அதற்கென்று நாங்கள் கொடுத்த மாத்திரையோ, ஏற்கெனவே அடைபட்டுக்கொண்டிருந்த சிறுநீரகத்தை மேலும் கெடுத்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

வலி மாத்திரை அன்றோடு நின்றது. சிறுநீர் நன்றாகப் பிரிந்துகொண்டிருந்ததால் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் என்ற மைலோமா மருந்தின் ஊசியும், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கின. சிறுநீரகம் பழுதானாலும் போர்டிசோமிப்பின் அளவைக் குறைக்கத் தேவையில்லை. இதே நோய்க்கான லெனலிடோமைடு சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் அதைத் தள்ளிவைத்தார்கள். டெக்சாமெத்தசோன் சாப்பிடும் இரவுகளில் அம்மா உறங்கவே மாட்டார், சர்க்கரையும் ஏறியது. காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றிதழுக்கு இரண்டு நாள் அலைந்ததைத் தவிர அலுவலகத் தொல்லை இல்லை.

ஏழு மாதம் கழித்து இப்போது கிரியேட்டினின் 1.7. டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. எந்தெந்த வலி மருந்துகளைத் தரக்கூடாது, மருத்துவரைக் கேட்காமல் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் மருந்து) போட்டு ஸ்கேன் எடுக்கக்கூடாது என்று எழுதிய அட்டை அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. போன மாதம் பல் வலிக்குச் சென்றபோது அதைப் படித்துவிட்டுத்தான் பல் மருத்துவர் பாராசிட்டமால் மட்டும் எழுதினார். எலும்பைக் காக்கப் போடும், அதுவரை தள்ளிவைத்திருந்த சோலெட்ரானிக் அமில ஊசியைத் தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், ஆடிக்கொண்டிருந்த அந்தக் கடைவாய்ப் பல்லையும் அன்றே எடுத்துவிட்டோம்.