மெட்ரோலாக்கும் கெர்னலும்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

10 ஜூன் 2025, செவ்வாய்

பசியாறி முடிப்பதற்குள் கோலாலம்பூரிலிருந்து செய்தி: கணினியில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஆடிட் பதிவில் ஒரு வரி உடைந்து இரண்டாகக் கிடக்கிறது.

லினக்ஸ் ஆடிட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரம் இருக்கும், ஒரு கோலன், அப்புறம் வரிசை எண். நேரமும் எண்ணும் ஒன்றாக உள்ள வரிகள் ஒரே நிகழ்வைச் சேர்ந்தவை. உடைந்த இரண்டாவது வரியில் இருந்த எண்ணை கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) கொடுக்கவே இல்லை. நிரல் தந்த குறிப்புக்குள் ஒரு புதுவரியை நுழைத்து, அதற்குப் பின்னால் போலிப் பதிவு ஒன்றை யாரோ எழுதியிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த யாரோ எங்கள் சோதனைக் குழுதான்.

குறிப்பை வாங்கிப் பதிவில் சேர்க்கும் மாட்யூல், அதாவது கெர்னலோடு இணையும் துண்டு நிரல், நான் எழுதியது. மேற்கோள் குறி, இடைவெளி, கட்டுப்பாட்டு எழுத்து எது இருந்தாலும் ஹெக்ஸாக (பதினாறடிமான எண்களாக) மாற்றித்தான் எழுத வேண்டும். அந்தச் சோதனை இருக்கிறது. இருந்தும் தாண்டிவிட்டது.

11 ஜூன், புதன்

ரேஸ் கண்டிஷன்தான், இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தும்போது வரும் பிழை. என் மாட்யூல் பயனர் நினைவகத்திலிருந்து (குறிப்பை அனுப்பும் நிரலின் சொந்த இடம்) குறிப்பை முதல் முறை படிக்கும்போது கெட்ட எழுத்து உண்டா என்று பார்க்கிறது. எழுதுவதற்காக மறுபடியும் அங்கேயே போய்ப் படிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அதே நிரலின் இன்னொரு த்ரெட் (இணையாக ஓடும் இழை) எழுத்தை மாற்றிவிட்டால் முடிந்தது கதை. வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் லினக்ஸ் கெர்னலின் ஆடிட்டிலேயே இதே ஓட்டை இருந்தது. நிரலை இயக்கும்போது தரப்படும் வாதங்களைப் பதியும் இடம், பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-6136. அதைப் பற்றிப் படித்தவன்தான் நான்.

மாலையில் அவசரப்பட்டு ஸ்பின்லாக் போட்டேன், காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பூட்டு. உடனே கெர்னல் திட்டியது. பயனர் நினைவகத்தைப் படிக்கும்போது பேஜ் ஃபால்ட் வரலாம், அதாவது கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாமல் போகலாம், அது வரும்வரை தூங்க வேண்டி வரும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. பாலபாடம்.

12 ஜூன், வியாழன்

ஸ்பின்லாக்கை எடுத்துவிட்டு, பிடித்துக்கொண்டு தூங்கலாம் என்கிற பூட்டான மியூடெக்ஸ் போட்டேன். எச்சரிக்கை நின்றது, பிழை நிற்கவில்லை. ஒரு த்ரெட் குறிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க, இன்னொன்று அதே இடத்தில் ஓர் எழுத்தை மாற்றி மாற்றி எழுதும் சின்ன நிரல் வைத்திருக்கிறேன். ஒரு கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் போலி வரி விழுந்துவிடுகிறது. பூட்டு என் வாசலில். திருடனுக்கு அந்த வாசலே வேண்டாம். அவன் தன் நினைவகத்தில் எழுதுகிறான், என் மியூடெக்ஸை அவன் எதற்குக் கேட்க வேண்டும்?

13 ஜூன், வெள்ளி

மழை. வீட்டுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சேற்றில் சிக்கி அரைமணி நேரம் உறுமியது. நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்து அம்மா என்னவென்று கேட்டார். சும்மா சொன்னேன்: “ஒரு தடவை சோதிக்கிறோம், அடுத்த தடவை எடுக்கிறோம்மா, நடுவுல மாத்திடுறான்.”

அம்மா சிரித்துவிட்டார். “ஸ்டோர்ல நாங்க பண்ணாததா?”

தோட்டம் ரப்பராக இருந்த காலம். பால் வெட்டி, மரத்தடி மங்குக் கிண்ணத்திலிருந்து வாளியில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பில் தூக்கி வந்து ஸ்டோரில் வரிசையில் நிற்பார்கள். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர் தேறும் என்று குறித்துக்கொள்வார். அப்புறம் பத்தடி தள்ளித் தராசு. அந்தப் பத்தடியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. எடை கூடிவிடும், தரம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

“அப்புறம் புதுசா ஒரு கிராணி வந்தாரு. வாளியைத் தராசுல வெச்ச கையோட, அதுலேர்ந்தே ஒரு டின்னு மொண்டு தன்கிட்ட வெச்சுக்குவாரு. மிச்சத்தைத் தொட்டியில ஊத்தச் சொல்லிடுவாரு. மெட்ரோலாக் அவரோட டின்னுலதான். எங்க பொழப்பு போச்சு.”

அம்மாவின் குரலில் அந்த மனிதர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

14 ஜூன், சனி

முடிந்தது. பயனர் நினைவகத்துக்கு ஒரே ஒருமுறை போகிறேன். அங்கிருப்பதை கெர்னல் பஃபரில் (கெர்னலின் சொந்த நினைவிடம்) எடுத்துக்கொண்டு, சோதனையும் எழுதுவதும் அந்தப் பஃபரிலேயே. பிறகு அவன் தன் பக்கம் என்ன மாற்றினாலும் எனக்குக் கவலையில்லை. மியூடெக்ஸையும் எடுத்துவிட்டேன். 2016இல் கெர்னலுக்கு வந்த திருத்தத்தின் சாரமும் இதுதான். நீளமான வாதத்தைத் துண்டு துண்டாக எழுதும் வேலை அங்கே கூடுதல், ஒரு துண்டுக்கு உச்சம் 7500 பைட். என் குறிப்புகள் சின்னவை, அந்தத் தலைவலி இல்லை.

சோதனை நிரலை இரவு முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன்.

16 ஜூன், திங்கள்

இரண்டு இரவு ஓடியும் போலி வரி இல்லை. பேட்சை (திருத்தத்தை) அனுப்பினேன். பதினொரு மணிக்கு, பேட்சுகளைச் சரிபார்க்கும் அக்காவிடமிருந்து ஒரே வரி பதில்: “தம்பி, நீளத்தை எத்தனை தடவை படிக்கிறீங்க?”

பார்த்தேன். குறிப்பின் முன்னால் இருக்கும் தலைப்பிலிருந்து அதன் நீளத்தைப் படித்து, அந்த அளவுக்குப் பஃபர் ஒதுக்கி, பிறகு தலைப்போடு சேர்த்து முழுவதையும் இழுக்கிறேன். இழுத்ததில் உள்ள நீளத்தைத்தான் கீழே பயன்படுத்துகிறேன். நடுவில் அதைப் பெரிதாக்கினால், பஃபரைத் தாண்டிப் படிப்பேன். இது போலி வரியைவிட மோசம்.

திருத்தம் இரண்டு வரி. சோதனை நிரலில் இப்போது நீளத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது.