இன்டெக்ஸில் 'மியூசிக்' தேடாதீர்கள்

காலனியச் சட்டமும் தெருவிசையும் என்று ஆய்வுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டு தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கு: சென்னை மாகாண அரசாணை இன்டெக்ஸில் 'மியூசிக்' என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றைய சர்க்காருக்கு மேளச்சத்தம் போலீஸ் விவகாரம். ஊர்வலம், மசூதி, பொதுத்தொல்லை, லைசென்ஸ் போன்ற தலைப்புகளில் துழாவினால்தான் பறையும் தவிலும் அகப்படும்.

பலர் 1861 போலீஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவை நம்பிக் கிளம்புகிறார்கள். திருவிழாவில் தெருவில் எவ்வளவு வாத்தியம் வாசிக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் சென்னை மாகாணத்தின் மாவட்டங்களில் அமலில் இருந்தது 1859இன் 24ஆம் சட்டம், அதாவது மெட்ராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம். சென்னை நகரத்துக்கு 1888இன் 3ஆம் சட்டம், அதாவது நகரப் போலீஸ் சட்டம். இது தெரியாமல் கோப்பு கேட்டால் வெறுங்கைதான்.

அனுமதி பெறுவது சுலபம். துறைத்தலைவர் கடிதமும் அடையாள அட்டையும் போதும். சிக்கல், கடிதத்தில் எழுதும் தலைப்பில். என் கடிதத்தில் 'இசை' என்று மட்டும் போட்டிருந்ததால், இனாம் நிலக் (ஊழியத்துக்கு மானியமாகத் தந்த நிலம்) கோப்பைக் கேட்டுச் சீட்டு கொடுத்தபோது, "இதுக்கும் உங்க தலைப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருப்பிவிட்டார்கள். சம்பந்தம் நிறையவே உண்டு. தேவதாசிகளின் இனாம் நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது 1929இல் அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த சட்டம் 1947இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துச் சின்னமேளத்தின், அதாவது தேவதாசிகளின் ஆடல் குழுவின், கதையில் பாதி நிலக் கணக்கில் கிடக்கிறது. இதையெல்லாம் கவுன்ட்டரில் நின்று விளக்கிப் பயனில்லை. கடிதத்திலேயே 'சட்டம், நிலம், சமூகம், இசை' என்று அகலமாக எழுதி வாங்கிவிடுங்கள்.

சீட்டில் ஜி.ஓ. (அரசாணை) எண்ணோடு துறையும் முழுத் தேதியும் இருக்கட்டும். எண் ஆண்டுதோறும், துறைதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஜுடிஷியல் துறையின் வேலை பின்னாளில் ஹோம், லா என்று பிரிந்துபோனதையும் மறக்காதீர்கள்.

"தாள் நொறுங்குது, தர முடியாது" என்று பதில் வந்தால் வாதாட வேண்டாம். மாகாண நடவடிக்கைத் தொகுதிகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், 'P' வரிசையில் இருக்கின்றன. வழக்கு நடந்திருந்தால் இன்னும் நல்லது. சேலத்தில் மசூதி வழியே மேளத்தோடு ஊர்வலம் போவது பற்றிய சென்னை உயர் நீதிமன்றத்தின் 1883 முழு அமர்வுத் தீர்ப்பு, இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மெட்ராஸ் வரிசை 6ஆம் தொகுதி, 203ஆம் பக்கத்தில் அச்சிலேயே கிடைக்கும். அதற்குச் சீட்டே வேண்டாம்.