மூவாயிரம் மீட்டர் ஆழமும் சூரமங்கலம் பட்டறையும்

வங்காள விரிகுடாவின் ஆழத்தில் நீரோட்டம் அளக்கும் கருவிகளை நிறுத்திவிட்டு வர ஓர் ஆய்வுக் கப்பல் பயணம் முடிவானது. அதைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அம்மாவைக் கவனித்துக்கொள்வதற்காகச் சேலத்தில் இருந்தேன். குழுவில் மற்றவர்கள் சென்னையில். கடலே இல்லாத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று சிலர் தயங்கினார்கள். தாராளமாக முடியும். இந்த வேலையில் பெரும்பகுதி கப்பல் கிளம்புவதற்கு முன்பே, கரையில், கணக்கிலும் பட்டறையிலும் முடிந்திருக்க வேண்டும். இதே வேலையில் இறங்கப்போகும் மாணவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எதை நிறுத்துகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கடலடியில் ஒரு கனமான நங்கூரம். அதற்கு மேலே ஒலிச் சமிக்ஞை கேட்டால் கொக்கியைத் திறந்துவிடும் விடுவிப்பான். நாங்கள் ரிலீஸ் என்போம். அதிலிருந்து மேல்நோக்கிக் கயிறும் கம்பிவடமும். இடையிடையே கண்ணாடிக் கோள மிதவைகள், நீரோட்டமானிகள். உச்சியில் பெரிய மிதவை, அதில் மேலே பார்த்தபடி ஏடிசிபி. அது ஒலித்துடிப்புகளை அனுப்பி, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களிலிருந்தும் துகள்களிலிருந்தும் திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து, ஒவ்வொரு ஆழத்திலும் நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிடும். இந்த மொத்த அமைப்புக்கும் மூரிங் என்று பெயர். எங்கள் இடத்தில் ஆழம் சுமார் 3,000 மீட்டர். அம்மாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. "ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். ரெண்டு ஏற்காட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழம்மா" என்றேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவரே விளக்கினார்.

எப்போது போவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் இரண்டும் விரிகுடாவின் புயல் காலம். இடையில் தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பிவிடும். பிப்ரவரி, மார்ச்தான் மிச்சம். ஆனால் அந்த மாதங்களில் கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி வேகம் பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும். இப்படி ஆண்டுதோறும் திசை மாறும் நீரோட்டத்தின் அடியில், ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். கீழே நடப்பதை அறிய ஒரு கருவி அங்கேயே வருடக்கணக்கில் நின்றாக வேண்டும். மத்திய இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இப்படிக் கருவிகளை நிறுத்தி வந்திருக்கிறது. அந்தத் தரவு வரிசைகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் துறை மேல் பிடிப்பு வந்தது.

கப்பல் நாட்களுக்கான விண்ணப்பம், மருத்துவச் சான்று, துறைமுக அனுமதிச் சீட்டு எல்லாம் நடைமுறைதான். சீக்கிரம் தொடங்கினால் நடந்துவிடும். உண்மையான உழைப்பு மூரிங்கின் வடிவமைப்பில் இருக்கிறது.

அதில் கயிற்றின் நீளம்தான் உயிர்நாடி. உச்சி மிதவை சுமார் 400 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்தோம். கயிறு கூடினால் மிதவை மேலே வந்து மீன்பிடி வலைக்கும் தூண்டில் வரிசைக்கும் பக்கமாகிவிடும். குறைந்தால் ஏடிசிபியின் ஒலி கடலின் மேற்பகுதியை எட்டாது. எட்டினாலும், மேற்பரப்பில் பட்டு வரும் எதிரொலி கலந்துவிடுவதால் தூரத்தில் கடைசி ஆறு சதவீதம் அளவு பயன்படாது. 400 மீட்டருக்கு அது மேலே 24 மீட்டர். நைலான் கயிறு இழுவையில் நீளும், எஃகுக் கம்பிவடம் அவ்வளவாக நீளாது. எது எவ்வளவு நீளும் என்று அந்தந்த இழுவிசைக்குத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கடல்தரை சரிவாக இருந்தால் நங்கூரம் அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலே ஆழம் பல பத்து மீட்டர் மாறிவிடும். அதனால் வரைபடத்தில் சமதளமாகத் தெரிந்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். 10, 20, 50, 100 மீட்டர் துண்டுகளைத் தனியாக எடுத்துப்போவதும் திட்டத்தில் எழுதப்பட்டது. அங்கே போய் எதிரொலிமானியில் உண்மையான ஆழம் பார்த்த பிறகு, தேவையான துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மிதவைகளை எல்லாம் உச்சியில் குவிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 17 அங்குலக் கண்ணாடிக் கோளம் ஒன்று சுமார் 25 கிலோ தூக்கும். அவற்றில் ஒரு கூட்டத்தை ரிலீஸுக்குச் சற்று மேலேயே வைத்தோம். நடுவில் எங்கே அறுந்தாலும், கீழே மிஞ்சும் பகுதி ரிலீஸைத் திறந்ததும் தானாக மேலே வர வேண்டும். ரிலீஸும் ஒன்று போதாது. இரண்டை இணையாகப் பூட்டினோம், எது திறந்தாலும் நங்கூரம் கழன்றுவிடும்.

நங்கூரத்துக்குத்தான் சேலம் கைகொடுத்தது. கான்கிரீட் கட்டியாக வார்த்தால் மலிவு, ஆனால் கடல்நீரில் மூழ்கியதும் கான்கிரீட் தன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இழந்துவிடும். இரும்பு இழப்பது சுமார் பதின்மூன்று சதவீதம்தான். உலகம் முழுக்க ஆய்வுக் கப்பல்கள் கழித்துக்கட்டிய ரயில் சக்கரங்களை நங்கூரமாகப் பயன்படுத்துவது இதனால்தான்: கனமானது, தட்டையானது, நடுவில் துளை தயாராக இருக்கிறது. ரயில் நிலையம் இருக்கிற சூரமங்கலம் பக்கத்திலேயே ஒரு பட்டறையில், பழைய இரும்பு ஏலத்தில் எடுத்த சக்கரங்களை அடுக்கி, நடுவில் தண்டு செருகி, மேலே வளையம் பற்றவைத்துத் தர ஒத்துக்கொண்டார்கள்.

பட்டறை மேஸ்திரி வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வளையத்தையும் ஷாக்கிளையும் எவர்சில்வர்ல போட்டுடலாமே. நம்ம ஊர்ல கிடைக்காத எவர்சில்வரா?" என்றார். ஷாக்கிள் என்பது வளையத்தோடு வடத்தை இணைக்கும் U வடிவப் பூட்டு. 1981 முதல் எவர்சில்வர் தகடு உருட்டும் ஊரில் அந்த யோசனை இயல்பு. "இல்லண்ணா, கடலுக்கடியில அது நம்மள ஏமாத்திடும்" என்று சொல்லி, உட்கார்ந்து விளக்கினேன். எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஷாக்கிளும் வளையமும் உரசி நிற்கும் இடுக்கில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் படலம் போய், உள்ளே குழிகுழியாக அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், ஒருநாள் மொத்தமாக விட்டுப்போகும். அதோடு இரண்டு வேறு உலோகங்கள் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அதனால் துத்தநாகம் பூசிய இரும்பையே எல்லா இடத்திலும் போட்டு, கருவியின் சட்டம் வேறு உலோகமாக இருக்கும் இடங்களில் இரண்டும் தொடாதபடி நடுவே பிளாஸ்டிக் புஷ் (உறை) வைத்தோம். மேஸ்திரி அதன் பிறகு ஒவ்வொரு பற்றவைப்பையும் தன் கையாலேயே செய்தார். அந்த மாதிரி ஆட்கள் இல்லாமல் எந்த ஆய்வும் நடக்காது.

இன்னொன்று திசைகாட்டி. ஏடிசிபி நீரின் திசையைச் சொல்வது அதனுள் இருக்கும் காந்தத் திசைகாட்டியை நம்பித்தான். பேட்டரியை மாற்றினால் அதன் இரும்பு உறையே திசைகாட்டியைத் திருப்பிவிடும். எனவே கடலுக்குப் போகும் அதே புதிய பேட்டரியோடு, சுற்றிலும் இரும்பு இல்லாத திறந்தவெளியில் கருவியைச் சுழற்றிச் சரிபார்க்க வேண்டும். காந்த இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இதை அலட்சியமாக விட என்னால் முடியாது. துறைமுகக் கிடங்கில் செய்துகொள்ளலாம் என்ற யோசனையை மறுத்து, அதற்கென்று சென்னையில் ஒரு மைதானத்தைப் பிடித்தோம்.

காசிமேட்டில் மீனவர்களைப் பார்த்துப் பேசுவதற்கும் ஒரு நாளை ஒதுக்கினேன். மேற்பரப்பில் மிதக்கும் எதையும் சுற்றி மீன் கூடும், மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். அது அவர்கள் பிழைப்பு. எங்கள் மூரிங்கில் மேலே தெரிவது எதுவும் இல்லை என்றாலும், இடத்தைச் சொல்லிவிடுவது மரியாதை. ஆழத்தூண்டில் போடும் ஒரு பெரியவர் எங்கள் குறிப்பில் இருந்த ஒரு புள்ளியைக் காட்டி, அங்கே நீரோட்டம் சுழித்துத் திரும்பும் என்றார். அதைப் பயணக் குறிப்பில் எழுதிவைத்தோம்.

நங்கூரங்கள் உளுந்தூர்பேட்டை வழியாக லாரியில் துறைமுகம் போயின. கப்பலில் வடத்தைச் சுற்றும் வரிசைக்குத் தனித் தாள் தயாரித்தேன்: உச்சி மிதவைதான் முதலில் கடலில் இறங்கும் என்பதால், அடிப்பகுதி வடத்தை முதலில் சுற்றி, உச்சிப் பகுதியைக் கடைசியாகச் சுற்ற வேண்டும்.

கடலில் எல்லாம் தாளில் எழுதியபடியே நகர்ந்தது. கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாகப் போக, மிதவைகளும் கருவிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் நீண்டன. நங்கூரம் விழும்போது பின்னோக்கி இழுபடும் என்பதால், குறித்த இடத்தைத் தாண்டி ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு தூரம் போன பிறகு விட்டோம். அது தரை தொட அரை மணிநேரம் போல ஆனது. அப்புறம் கப்பலை மூன்று பக்கங்களில் நிறுத்தி ரிலீஸிடம் ஒலியால் தூரம் கேட்டு, அது நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்தோம்.

அந்த ஆயத்தொலைவுகளையும், இரண்டு ரிலீஸ்களின் திறப்புக் குறியீடுகளையும் மூன்று தனித்தனி இடங்களில் சேமித்துவிட்டு, அடுத்த ஆண்டு அவற்றை மீட்டெடுக்கக் கப்பல் நாட்கள் கேட்கும் விண்ணப்பத்தைத் துறைமுகம் திரும்புவதற்குள் எழுதி முடித்தேன். அதிலும் பிப்ரவரி, மார்ச்தான் கேட்டிருக்கிறோம்.