தகட்டின் உச்சியில் ஒரு பள்ளம்

ஜூலை 6

இரண்டு உறைகள், இரண்டு பாசிகள். ஊசி இலைகளோடு குட்டி மரம்போல் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததுமே பாலிட்ரைக்கம் பேரினம் என்று தெரிந்துவிட்டது. இலை ஓரம் உள்ளே மடிந்திருந்தால் அதில் ஜூனிபெரினம் என்ற இனம். இவற்றில் மடிப்பில்லை, ரம்பப் பற்கள்தான் இருக்கின்றன. ஆகவே, சந்தேகமெல்லாம் கம்யூனே இனமா, ஃபார்மோசம் இனமா என்பதில்தான். ஒன்பது சென்டிமீட்டர் இருப்பதைக் கம்யூனே என்றும், ஐந்து சென்டிமீட்டர் இருப்பதை ஃபார்மோசம் என்றும் பென்சிலால் எழுதி வைத்தேன். கம்யூனே நாற்பது சென்டிமீட்டர்கூட வளரும் என்ற நினைப்பு.

ஜூலை 7

காய்ந்த இலைகள் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் பட்டதும் விரிந்து நட்சத்திரமாயின. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. வேறு வேலை நடக்கவில்லை.

ஜூலை 10

இன்றுதான் பிளேடால் இலையைக் குறுக்கே சீவினேன். பதினைந்து சீவல்களில் மூன்றுதான் தேறின. இலையின் மேற்பரப்பில் நீளவாக்கில் பசுந்தகடுகள் நெருக்கமாக நிற்கும். குறுக்குவெட்டில் அவை சீப்பின் பற்கள்போல் தெரியும். தகடுகளின் இடைவெளியில் காற்று தங்குவதால், இலை நனைந்திருக்கும்போதும் கரியமில வாயு உள்ளே போக வழி இருக்கிறது. அந்தக் காற்றே குமிழிகளாகி இன்று என் பார்வையை மறைத்தது. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டதும் விலகியது.

பார்க்க வேண்டியது தகட்டின் உச்சிச் செல் ஒன்றைத்தான். கம்யூனே என்றால் அதன் தலையில் பள்ளம் இருக்கும், இரண்டு சிறு கொம்புகள் முளைத்ததுபோல. ஃபார்மோசத்தில் பள்ளமே இராது; தலை உருண்டு வழவழப்பாக இருக்கும்.

நெட்டையானதில் வழவழப்பு. குட்டையானதில் பள்ளம்!

நம்ப மனமில்லாமல் வேறு தண்டுகளிலிருந்து இலை எடுத்து மறுபடி சீவினேன். அதேதான்.

ஜூலை 11

குட்டையானதன் உறையில் முதிர்ந்த வித்துறை, அதாவது பாசியின் வித்துகள் இருக்கும் பெட்டி, ஒன்று கிடைத்தது. அதன்மேல் மயிரடர்ந்த பொன்னிறத் தொப்பி; பாலிட்ரைக்கம் என்ற கிரேக்கப் பெயருக்கே 'பல மயிர்' என்றுதான் பொருள். தொப்பியை மெல்லக் கழற்றினேன். கூர்மையான நான்கு விளிம்புகளோடு கட்டையான சதுரப் பெட்டி, அடியில் ஓர் இடுக்கு, அதற்கும் கீழே வட்டத் தட்டுபோல் கழுத்து. ஃபார்மோசமாக இருந்தால் பெட்டி நீண்டிருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், கழுத்தும் இப்படித் தனித்துத் தெரியாது.

இரண்டு பெயர்களையும் முறைப்படி பதிந்தது பாசி ஆய்வாளர் ஹெட்விக்கின் 1801ஆம் ஆண்டு நூல். அது அச்சாகும் முன்பே, 1799இல், அவர் இறந்துவிட்டார். இன்று நாள் முழுக்க அவர் நினைவுதான்.

பென்சில் எழுத்துகளை அழித்துப் பெயர்களை மாற்றினேன். உயரத்தை எழுதிய இடத்தில் இப்போது 'உச்சிச் செல்: பள்ளம் உண்டு', 'உச்சிச் செல்: பள்ளம் இல்லை'.