மனநலக் கவுன்சிலரின் சம்பளத்தை 2,080 ஆல் வகுக்காதீர்கள்

குழந்தைகள் மனநலத்துக்கான சிறிய தொண்டு அமைப்புகளின் பட்ஜெட்டில் முதலில் பிசகுவது ஒரு அமர்வின் செலவுக் கணக்குதான். வாரம் 40 மணி, வருடம் 52 வாரம், ஆக 2,080 மணி நேரம். ஆண்டுச் சம்பளத்தை அதால் வகுத்து மானிய விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள்.

விடுப்பு, பயிற்சி எல்லாம் போக 44 வாரம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையோடு நேரடியாக உட்காருவது வாரத்துக்கு 20 மணி. மீதியைக் குறிப்பு எழுதுவதும், பெற்றோரிடமும் வகுப்பாசிரியரிடமும் பேசுவதும், மூத்த நிபுணரோடு தன் வேலையை அலசும் சூப்பர்விஷனும் தின்றுவிடும். (குழந்தை தனியாக வருவதில்லை, பின்னால் இரண்டு மூன்று பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களோடு பேசும் நேரத்தை எந்தப் படிவமும் கேட்பதில்லை.) ஆக 880 மணி. ஐந்தில் ஒரு அமர்வுக்கு ஆள் வராவிட்டால் மிஞ்சுவது 704. சம்பளத்தை மட்டும் இதால் வகுத்தாலே முதல் கணக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். வாடகை, காப்பீடு, தணிக்கை, சூப்பர்வைசர் கட்டணம் இன்னும் சேரவில்லை.

பணம் குறைந்தால் முதலில் சூப்பர்விஷனை வெட்டத் தோன்றும். வெட்டினால் கவுன்சிலர் களைத்து வேலையை விடுவார். புதியவரைத் தேடிப் பழக்குவதற்குள் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும்.

அடுத்த சிக்கல் வங்கி இருப்பு. விளையாட்டுச் சிகிச்சை அறைக்கென்று வந்த நன்கொடையில் சம்பளம் போட முடியாது. நிபந்தனையுள்ள பணத்தையும் பொதுப் பணத்தையும் கணக்கேட்டில் தனித்தனிப் பத்தியில் எழுதாவிட்டால், கணக்கில் பணம் கிடக்கும்போதே சம்பளத்துக்குக் காசு இல்லாத மாதம் வரும். செலவழித்த பிறகு திருப்பித் தரும் மானியம் இன்னும் மோசம்: பில் அனுப்பிப் பணம் வர மூன்று மாதமானால், அந்த மூன்று மாதச் செலவு முன்கூட்டியே கையில் இருந்தாக வேண்டும்.

பள்ளி விடுமுறையில் வருகை குறையும், கட்டண வரவும் குறையும், சம்பளம் குறையாது. அதனால் வரவு செலவை ஆண்டு மொத்தமாகப் போடாமல் மாதவாரியாகப் போடுங்கள்.

மானியம் முடியும் தேதியில் சிகிச்சையும் முடிந்துவிடுவதில்லை. பாதியில் நிறுத்தினால் அது குழந்தைக்கு இன்னொரு கைவிடல். கடைசி எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் புதிய குழந்தைகளைச் சேர்க்காமல், இருப்பவர்களை முடித்தனுப்பவோ வேறிடம் மாற்றவோ ஆகும் செலவை விண்ணப்பத்திலேயே தனி வரியாகக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், அந்தத் தொகை பொதுக் கையிருப்பில் சேரும்வரை அந்த மானியத்தில் ஆள் எடுக்க வேண்டாம்.