அன்னம்மாளுக்கு அம்மா நேர்ந்த ஆளுயர மெழுகுவர்த்தி

எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயில் சன்னல் பழுதுபார்த்து நல்லபடியாகத் திரும்ப ஏறிவிட்டால், மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜத்தில், மரியாளின் தாயாரான அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா நேர்ந்திருந்தார். சன்னல் ஏறிவிட்டது. ஜூலை பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை.

பீடத்துக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி சன்னல் அது. சிறுமி மரியாளைப் பக்கத்தில் நிறுத்தி அன்னம்மாள் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் படம். அந்த நீல முக்காட்டைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டுகளைப் பிடித்திருந்த ஈயம்தான் தளர்ந்து, நடுப்பகுதி வயிறு தள்ளி நின்றது. மழை பெய்தால் பீடத்துணி நனைந்துவிடும். மேலே சிலிக்கோன் பூசிவிடலாம் என்று ஒருவர் மலிவாக விலை சொன்னார். பூசியிருந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கோயில் குழு மறுத்தது எவ்வளவு பெரிய காரியம்! முறையாகச் செய்வதென்றால் சன்னலைக் கழற்றி, தாளில் அச்சு ஒற்றியெடுத்து, துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவி, புது ஈயம் கட்டி, முனைகளைப் பற்றவைத்து, இடுக்கில் மக்கு அடைக்க வேண்டும். அதற்கான பணம் எங்களிடம் ஏது?

தோட்டத்து லயன் வீடுகள் போய்ச் சனங்கள் தாமான் தாமானாக, அதாவது புதுக் குடியிருப்புகளாகச் சிதறிவிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். பணம் சேர்க்க, பூசை முடிந்ததும் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்றோம், தீபாவளிக்கு முன்னால் முறுக்கு, அதிரசம். மாரியம்மன் கோயில் தலைவர் தம் திருவிழாப் பந்தலிலேயே எங்கள் உண்டியலுக்கும் இடம் கொடுத்தார். சீன மளிகைக்கடைக்காரர் அரிசியும் தேங்காயும் கடனாகத் தந்தார், கடைசிவரை கணக்கே கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி மைலோ டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் இருபது காசு. அடியில் கிடந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தன. எண்ணி முடிக்கும்வரை பாட்டி நகரவில்லை.

புக்கிட் மெர்தாஜம், 2019-இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தப்பட்ட தலம். அன்னம்மாள் திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டிய வார இறுதி வேறு. கூட்டத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஜாலான் கூலிம் சாலை முழுக்க வண்டி. வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு வாய்க்கு வந்த விலை கேட்கிறார்கள். மெழுகுவர்த்தி, மாலை விற்பவர்கள் அம்மாவின் சக்கர நாற்காலியைப் பிடித்து நிறுத்தியே விற்கிறார்கள். முடியாதவர்களை வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமாவது கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா? வெயிலில் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஊற்றுத் தண்ணீரை முகத்தில் தெளித்த பிறகுதான் கண் திறந்தார்.

மேலே, 1888-இல் கட்டிய பழைய கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்து மீண்ட கோயில் அல்லவா, அம்மாவுக்கு அதன்மேல் தனிப் பாசம். ஏற்றத்தில் நாற்காலியைத் தள்ள முடியாமல் நான் திணறியபோது முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவன் நெற்றியில் திருநீறு.

சுரூபத்தின் முன்னால் போனதும் அம்மா செபமாலையை எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே விரல் நீளத்துக்குப் பழைய ஈயத் துண்டு ஒன்று. சன்னலைப் பிரித்தபோது கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. அதை அன்னம்மாள் பாதத்தில் வைத்துவிட்டு, காசு கொடுத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் வரிசை நெருக்குகிறது. "நகருங்கம்மா, நகருங்க" என்று தொண்டர் ஒருவர் குரல் கொடுக்கிறார். அம்மா காதில் எதுவும் விழவில்லை. கடைக்காரர் பேர், தலைவர் பேர், பாட்டி பேர், பாட்டியின் செத்துப்போன வீட்டுக்காரர் பேர். ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அந்தத் தொண்டரே கையைக் குறுக்கே நீட்டிக் கூட்டத்தைத் தடுத்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு தமிழ்ப் பூசையையும் மெழுகுவர்த்திப் பவனியையும் எனக்கு வரிசையாக எழுத வரவில்லை. மனசு முழுக்க நன்றிதான். தாயே அன்னம்மா, எங்கள் கையில் ஒன்றுமில்லாதபோது இத்தனை கைகளைக் கொண்டுவந்து சேர்த்தாய். எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று நீ பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. அம்மாவை ஏற்றத்தில் ஏற்றிவிட்ட அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல வழி காட்டு. இப்போது கூரைத் தகரமும் ஒழுக ஆரம்பித்திருக்கிறது, அதற்கும் உன்னிடம்தான் வருவோம்.